மணல் மூடிய அடுப்பு

பாலைவனத்துக்குப் போகவிருக்கும் தம்பிகளுக்கு,

நீங்கள் வந்து கேட்டதெல்லாம் தண்ணீரைப் பற்றியும் ஒட்டகத்தைப் பற்றியும்தான். வெயிலில் தலைக்கு என்ன கட்டிக்கொள்வது, மணலில் தேள் எங்கே ஒளிந்திருக்கும் என்றும் ஒருவர் கேட்டார். அதையெல்லாம் அங்கே உங்களோடு வரப்போகிற ஒட்டகக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். அவர் சொன்னபடி கேளுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது வேறு. பாலைவனத்தில் நடந்ததும் இல்லை. இங்கேதான், ஆம்பூருக்குப் பக்கத்தில், ரயில் ஊதுவது காதில் விழுகிற தூரத்தில் நடந்தது. ஆனால் அங்கே நீங்கள் என்ன தப்புச் செய்யப்போகிறீர்களோ, அதை நான் இங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

பழம்பொருள் தேடித் தோண்டுகிற நம் தொழிலில் கோயில் தோண்டுகிறவர்களும் கோட்டை தோண்டுகிறவர்களும் பாக்கியசாலிகள். அவர்களுக்குச் சுவர் கிடைக்கும், கல்வெட்டு கிடைக்கும், ராஜா பெயரே கிடைக்கும். நமக்கு என்ன கிடைக்கும்? வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் மணல்காட்டில் திரிந்தவர்கள் வீடு கட்டவில்லை. விட்டுப்போனது கத்திக்காகத் தட்டி எடுத்த கொஞ்சம் கற்சில்லு, கொஞ்சம் வெந்த கல், கொஞ்சம் சாம்பல். அதையாவது அவர்கள் விட்ட இடத்தில் காற்று விட்டு வைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அடியில் இருக்கிற மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகப்போக, மேலே இருந்தது எல்லாம் இறங்கி ஒரே தரையில் வந்து உட்காரும். ஆயிரக்கணக்கான வருஷத்துக் கல்லும் போன மாசத்து ஆட்டெலும்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

மேற்கே பாலைவனத்தில் நான் வேலை பார்த்த முதல் குளிர்காலத்தில், வறண்ட ஏரிப் படுகை ஒன்றில், நகக்கண் அளவே உள்ள கற்சில்லுகளுக்கு நடுவில் ஒரு நீலமணி கிடைத்தது. பழங்கால மனிதனின் கழுத்து மணியையே எடுத்துவிட்டதாக நினைத்து ஓடினேன். எங்கள் துரை அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, படுத்திருந்த ஒட்டகத்தின் கழுத்தைக் காட்டினார். அதன் கழுத்துக் கயிற்றில் அதே மாதிரி மணிகள் வரிசையாக இருந்தன. அவர் சிரிக்கவில்லை. "பக்கத்தில் கிடப்பதை எல்லாம் சொந்தம் என்று எழுதிவிடாதே. காற்று சேர்த்து வைத்ததா, மனிதன் சேர்த்து வைத்ததா, அதை முதலில் கேள்" என்றார். இந்த ஒரு பாடத்தை நீங்கள் கற்றுக்கொண்டு போனால் போதும் என்று ஒரு காலத்தில் நான் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கடிதம்.

துரையின் பெயர் வேண்டாம். கோபக்காரர், ஆனால் சூதுவாது இல்லாதவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. காற்று கைவைக்காத ஓர் அடுப்பு. சாம்பலும் கல்லும், மூட்டியவன் எப்படி விட்டுப் போனானோ அப்படியே, மணலுக்கு அடியில் மூடிக் கிடக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால், இன்ன சில்லு இன்ன காலத்தது என்று அடித்துச் சொல்லலாம் என்பார். அந்த அடுப்பைத் தேடி ஒவ்வொரு குளிர்காலமும் அலைந்தோம். கிடைத்த அடுப்பெல்லாம் காற்று கலைத்தவை. கடைசியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, வைத்தியர் பாலைவனத்துக்கே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். தொல்பொருள் இலாகா அவரைத் தென்பக்கம் அனுப்பியது. நானும் கூட வந்தேன். என் ஊர் ஆம்பூர் என்பதால், வடஆற்காடு ஜில்லாவில் கற்சில்லு கிடைக்கிற இடங்களைப் பார்க்கலாம் என்று தொடங்கினோம்.

பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வேனலில் அந்த மணலைக் காற்று கிளப்பி, ஜவ்வாது மலைப்பக்கத்துக் குன்றுகளின் அடியில் கொண்டு போய்க் குவிக்கும். அப்படி ஒரு குன்றடியில் மணல்மேடுகளும் முள்ளும் ஆவாரஞ்செடியுமாக ஓர் இடம். மணலில் எங்கே பார்த்தாலும் வெண்கல் சில்லுகள். துரை அங்கே நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் பாலைவனத்தை யாரோ இங்கே கொஞ்சம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்" என்றார். பாலைவனத்தை விட்டு வந்தபின் அவர் முகத்தில் சந்தோஷத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கேயே டேரா போட்டோம்.

அந்த இடம் ரிசர்வ் காடு. எங்களுக்கு அனுமதி இருந்தது. மேல்சரிவில் ஆவாரம்பட்டை உரிக்க ஒரு கான்ட்ராக்டர் குத்தகை எடுத்திருந்தார். தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பட்டையை இடித்து ஊறப்போட்ட தண்ணீரில்தான் தோல் பதமாகும். என் அண்ணன் வேலை பார்த்த ஷாப்புக்கும் அதே கான்ட்ராக்டர்தான் பட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வேனலில், நாங்கள் அங்கே போவதற்குச் சில நாள் முன்னால், அந்தச் சரிவு தீப்பிடித்து எரிந்திருந்தது. குத்தகை மொத்தமும் கரி; கீழே மணலோரத்துக் காய்ந்த புல்வரைக்கும் அது இறங்கவில்லை. யார் வைத்த நெருப்பு என்று காட்டிலாகா ரேஞ்சர் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் டேராவுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இருளர் குடிசை இருந்தது. கன்னியப்பன், அவன் பெண்சாதி பச்சையம்மா, அவள் கையில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. கன்னியப்பன் முயலுக்குக் கண்ணி வைப்பான், தேன் எடுப்பான், கிழங்கு தோண்டுவான். காலையில் எங்களைத் தாண்டிப் போகும்போது ஒரு கும்பிடு போடுவான். அதற்கு மேல் அவனோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. நாங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில் மணலை எடுத்துக்கொண்டு போகும்போது, முழங்கை ஆழத்தில் கறுப்பாகத் தட்டியது. துரை முட்டி போட்டு உட்கார்ந்தார். பிரஷ்ஷால் தள்ளத்தள்ளச் சாம்பல். சுற்றி மூன்று கல். மேலே மூடியிருந்த மணலுக்குள்ளும் சாம்பலின் ஓரத்திலும் வெண்கல் சில்லுகள். துரை தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? எத்தனையோ குளிர்காலம் அந்த மனுஷனோடு மணலைச் சலித்தவன் நான்.

சாம்பலின் அடிவரைக்கும் போய்ப் பார்க்கும் வேலையை மறுநாள் என்னிடம் விட்டார். அடியில் எனக்குக் கிடைத்தது புல். நெருப்பு மூட்டுமுன் தரையில் நின்றிருந்த புல், சாம்பலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. நுனி கருகியிருந்தது, தாள் மட்டும் வைக்கோல் மஞ்சள். ஒடித்தால் சட்டென்று ஒடிந்தது. நம் பக்கத்துக் கரையானுக்கு ஒரு மழைக்காலம் போதும், மண்ணுக்குள் ஒரு தாளை விட்டு வைக்காது. இன்னொன்றும் பார்த்தேன். காற்று போட்ட மணலில் சில்லுகள் தட்டையாகப் படுத்திருக்கும். இங்கே மேல்மணலில் ஒன்று நின்றுகொண்டிருந்தது, ஒன்று தலைகீழாக இருந்தது. யாரோ பக்கத்து மணலைச் சில்லோடு சேர்த்து வாரி, நெருப்பின் மேல் தள்ளி மூடியிருக்கிறார்கள். அதுவும் இந்த வேனலில்.

புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் துரையிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "வறண்ட மணல் எதையும் கெடவிடாது. எகிப்தில் ஆயிரக்கணக்கான வருஷத்துத் தானியமே முழுசாகக் கிடைத்திருக்கிறது" என்றார்.

"இது எகிப்து இல்லீங்களே, ஆம்பூராச்சே" என்றேன்.

அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்து டேராவுக்குள் போய்விட்டார். பாடம் சொல்லிக்கொடுத்தவரே பாடத்தை மறந்தார் என்று அவரைக் கேலி செய்யாதீர்கள். அத்தனை காலம் ஆசைப்பட்ட ஒன்று கண்ணெதிரே வந்து உட்கார்ந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இதற்குள் அடுப்பு கிடைத்த செய்தி ரேஞ்சருக்குப் போய்விட்டது. வந்து பார்த்தார். அவருக்கும் அது ஆசைப்பட்ட அடுப்புதான். "இதான் நெருப்பு வெச்ச எடம். பக்கத்துலியே இருளன் குடிசை. வேற இன்னா வேணும்?" என்று சொல்லிக் கன்னியப்பனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். துரை, இது பல ஆயிரம் வருஷத்து அடுப்பு என்று கத்திப்பார்த்தார். "கச்சேரியில சொல்லுங்க துரை" என்று மரியாதையாகவே பதில் வந்தது.

பச்சையம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் டேராவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, அழவும் இல்லை. காட்டை எரித்ததாகத் தீர்ப்பானால் அவன் மாசக்கணக்கில் உள்ளே இருப்பான். பிள்ளை பெற்ற உடம்போடு அவளால் காட்டில் எதையும் தேடிக்கொள்ள முடியாது. பால் வற்றினால் குழந்தை என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துரை தம் அபிப்பிராயத்தை எழுதி வேலூர்க் கோர்ட்டுக் கச்சேரிக்கு அனுப்பினார். மாஜிஸ்ட்ரேட், தோண்டிய ஆளே வந்து தமிழில் சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். சாம்பல் பழசு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் கன்னியப்பன் வீட்டுக்குப் போவான். குழந்தை பிழைக்கும். துரையின் ஆயுள் ஆசை நிறைவேறும். எனக்கும் நல்ல பெயர். புதுசு என்று சொன்னால் துரை தலைகுனிய வேண்டும், கன்னியப்பன் உள்ளே போக வேண்டும், ரேஞ்சரும் கான்ட்ராக்டரும்தான் சந்தோஷப்படுவார்கள். நல்லது அத்தனையும் பொய்யின் பக்கம் உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு இக்கட்டு வரும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் கான்ட்ராக்டர் என் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல வேட்டி, கையில் குடை.

"இன்னாப்பா, நாளைக்கி கச்சேரிக்குப் போறியாமே?"

"ஆமாங்க."

"நெருப்பு புதுசுதானே? பாத்தவன் நீ, உள்ளத சொல்லிட்டு வந்துடு. எனக்கு நஷ்டம் ஜாஸ்தி. துரைக்கு பயந்துகினு எதனா சொல்லி பேஜார் பண்ணாத. உங்கண்ணன் நம்ம பட்டை போற ஷாப்புலதானே கீறாரு?"

அண்ணன் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்து வெந்துபோன கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கான்ட்ராக்டர் போனதும், "உள்ளதைத்தானடா சொல்லச் சொல்றாரு. அதுல உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஒருவன் மிரட்டி, நிஜத்தைச் சொல் என்கிறான். துரையோ என்னை நம்பி, தப்பைச் சொல்லுவேன் என்று காத்திருக்கிறார்.

வேலூர்க் கச்சேரியில் துரைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கன்னியப்பன் சுவரோரம் கைகட்டி நின்றான். "காட்டுக்கு நெருப்பு வெச்சியா?" என்று கேட்டார்கள். "காட்டுக்கு வெக்கல சாமி" என்றான். அவனை அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் குழந்தை அழுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார். "தோண்டினது நீர்தானே? அந்தச் சாம்பல் பழசா, புதுசா?"

துரை என்னையே பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று தெரிந்து, நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"புதுசுங்க ஐயா. இந்த வேனல்ல எரிச்சது."

கச்சேரியில் சலசலப்பு. புல்லைப் பற்றிச் சொன்னேன், கரையானைப் பற்றிச் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் தலையாட்டினார்.

"அப்போ துரை பழசு என்று சொன்னது?"

"துரை கல்லைப் பாத்துச் சொன்னாருங்க. கல்லு ரொம்பப் பழசுதான். ஆனா அது சாம்பலுக்குப் பக்கத்துல கெடந்தது, அவ்வளவுதான். பக்கத்துல கெடந்ததால கல்லோட வயசு சாம்பலுக்கு வந்துடாதுங்க."

ரேஞ்சர் எழுந்துவிட்டார். "அதத்தான் நானும் சொல்றேன் ஐயா! நெருப்பு புதுசு. பக்கத்துல குடியிருக்கறவன் இவன் ஒருத்தன்தான்."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி தெளிந்தது. அதுவரைக்கும் எனக்கு இரண்டு பதில்தான் தெரிந்திருந்தது. துரை செய்த தப்பையே ரேஞ்சரும் செய்துகொண்டு நிற்கிறார் என்பது அந்த நிமிஷத்தில்தான் கண்ணில் பட்டது.

"ஐயா, அதுவும் அதே மாதிரிதாங்க" என்றேன். "கல்லு பக்கத்துல கெடந்துது, அதனால சாம்பல் கல்லோடதுன்னு சொல்லக்கூடாதுன்னு இப்பதான் சொன்னேன். இந்த ஆளு பக்கத்துல இருக்கறாரு, அதனால நெருப்பு இவரோடதுன்னு மட்டும் எப்படிச் சொல்றது? பட்டை உரிக்கிறவங்க அந்த வழியாத்தான் போறாங்க, மாடு மேய்க்கிறவங்க வர்றாங்க. நாங்களும் பக்கத்துலதான் டேரா போட்டிருக்கறோம். எங்களைப் புடிக்கலியே."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "வேறு ஏதாவது உண்டா?" என்றார்.

"உண்டுங்க. அந்த அடுப்பைக் கையால மண்ணு தள்ளி மூடியிருக்கறாங்க. காத்து போட்ட மண்ணு இல்ல. மூட்டினவங்க யாரோ, அணைச்சிட்டுத்தான் போயிருக்கறாங்க. அடுப்புக்கும் எரிஞ்ச சரிவுக்கும் நடுவுல காஞ்ச புல்லு கருகாம அப்படியே நிக்கிது. அதைத் தாண்டி நெருப்பு மேல போயிருக்க வழி இல்லீங்க."

"சரி. மூட்டினது யார்?"

"மண்ணு அதைச் சொல்லலீங்க ஐயா."

ரேஞ்சரிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை. கன்னியப்பனை விட்டுவிட்டார்கள். அவன் வெளியே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான். எனக்குக் கும்பிடுகூடப் போடவில்லை. பச்சையம்மாவும் அவனும் வெயிலில் விறுவிறுவென்று நடந்து போனார்கள், எங்கே திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்த மாதிரி.

துரையும் நானும் காட்பாடி ஜங்ஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு துரை சொன்னார்: "புல்லை நீ காட்டினாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எகிப்துக்குப் போய்விட்டேன்." பிறகு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "குழியை மூடிவிட்டு வா" என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷமே அவர் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். காற்று கைவைக்காத அடுப்பைப் பார்க்காமலே அங்கே கண்ணை மூடினார் என்று பிற்பாடு தெரிந்தது. அண்ணனை ஷாப்பில் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று.

நீங்கள் எடுக்கிற எந்தக் குழியையும் மூடாமல் வரக்கூடாது. மழையில் சரியும், மாடு விழும், நாளைக்கு வருகிறவன் நம் குழியையே பழைய குழி என்று நினைத்து ஏமாறுவான். ஆகவே துரை சொன்னபடி மண்வெட்டியோடு தனியாகப் போனேன். வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கன்னியப்பன் வந்தான். பின்னால் பச்சையம்மா, இடுப்பில் துணியில் கட்டிய குழந்தை. குழிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"சாமி, அது என் நெருப்புதான்" என்றான்.

மண்வெட்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"இவளுக்கு வலி எடுத்துகிச்சி. குடிசைக்குப் போவ முடியல. இந்தப் பாறைக்கு அடியில படுக்க வெச்சேன். கொழந்தைக்குச் சூடு வோணுமே, அதான் நெருப்பு போட்டேன். போவும்போது மண்ணு தள்ளி மூடிட்டுத்தான் போனோம். மேல எரிஞ்சது எங்குளுது இல்ல சாமி, சத்தியமா இல்ல."

"கச்சேரியில ஏன்டா சொல்லல?"

"யாரு கேட்டாங்க? காட்டுக்கு வெச்சியான்னு கேட்டாங்க. வெக்கலன்னேன். அப்பறம் நீங்க எல்லாரும் பழசா புதுசான்னு பேசிகினு இருந்தீங்க."

அவனே தொடர்ந்தான். "கத்திய பாரஸ்ட்டு கார்டு முன்னியே புடுங்கிகினு போய்ட்டான். தொப்புள்கொடி அறுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்கியே கெடந்த வெள்ளக் கல்ல ஒரு தட்டு தட்டினேன், நல்லா சீவினமாதிரி வந்துச்சி. அதுலதான் அறுத்தேன். அறுத்துட்டு நெருப்பாண்டயே போட்டுட்டேன்."

தம்பிகளே, மண்வெட்டியைக் கீழே வைத்தேன். குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கல்லுக்கும் சாம்பலுக்கும் சொந்தம் இல்லை என்று நிறைந்த கச்சேரியில் சொன்னவன் நான். அதில் ஒரு கல்லுக்காவது சொந்தம் இருந்தது. அந்த மனுஷனுக்கும் நெருப்புக்கும் சொந்தம் சொல்ல முடியாது என்றேன். அதுவும் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னது சரிதான். மண்ணில் இருந்ததைச் சொன்னேன், இல்லாததைச் சொல்லவில்லை. நாளைக்கு அதே கூண்டில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்லுவேன். என்னைக் குத்துவது வேறு. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கல்லைத் தட்டிக் கத்தி செய்துகொண்ட மனிதனைத்தானே நானும் துரையும் அத்தனை பாலைவனத்திலும் தேடினோம். அவன் தினமும் காலையில் எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். இந்த அடுப்பு உனக்குத் தெரியுமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் போகிற இடத்திலும் ஆட்கள் இருப்பார்கள். கிணற்றடியில் இருப்பார்கள், ஒட்டகத்துக்குப் பின்னால் நடந்து வருவார்கள். மண்ணைக் கேட்பதற்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லுவதும் அப்படியே வேதவாக்கு ஆகிவிடாது. ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

அந்தக் கல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சில்லுகள் எல்லாம் பெட்டியில் கட்டி மதராஸ் மியூசியத்துக்குப் போய்விட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் பழங்காலம் என்றே பெயர். நான் போய்ச் சொன்னேன். ஒரு குமாஸ்தா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் கன்னியப்பன் வந்தது இதைச் சொல்வதற்காக இல்லை. தயங்கித் தயங்கி, "சாமி, இன்னும் தோண்டுவீங்களா?" என்றான்.

"இல்லப்பா, மூடத்தான் வந்தேன்."

"அந்தப் பக்கம் தோண்டிட்டீங்களோன்னு இவ நாளெல்லாம் அழுதுகினே கெடக்கறா. நஞ்சுக்கொடிய அங்கதான் பொதைச்சோம். அத தோண்டினா கொழந்தைக்கு ஆவாது."

அவன் கை காட்டிய இடம் அடுப்புக்கு அந்தப்புறம், குழியின் விளிம்புக்கு மிக அருகில் இருந்தது. துரை மறுநாள் அந்தப் பக்கம்தான் குழியை நீட்டச் சொல்லியிருந்தார். அதற்குள் ரேஞ்சர் வந்து வேலை நின்றுபோனது. டேராவுக்கு எதிரில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தது புருஷனுக்காக மட்டும்தான் என்று அன்றுவரை நான் நினைத்திருந்தேன்.

பச்சையம்மா குழந்தையோடு குழிக்குள் இறங்கினாள். விளிம்பு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே அடையாளத்துக்கு அவள் வைத்திருந்த சின்னக் கல் அசையாமல் இருந்தது. விளிம்பிலிருந்து அந்தக் கல்வரைக்கும் கையை விரித்துச் சாண் போட்டு அளந்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"குழி எட்டல" என்றாள். "போட்டு மூடுங்க."

மூன்று பேருமாகச் சேர்ந்து மண்ணைத் தள்ளி மூடினோம்.